ஆர்வியில் போய் பறவைகளையும் மிருகக்காட்சிசாலை விலங்குகளையும் படமெடுக்க ஒரு வழிகாட்டி

பறவைப் படம் எடுப்பவர்களுக்குப் பெரிய தொல்லை விடியற்காலைதான். சூரியன் தலைகாட்டும்போது ஏரிக்கரையில் இருக்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து நடுராத்திரியே கிளம்ப வேண்டும். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியான ஆர்வியில் போகிறவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஏரிக்கரைக்குப் பக்கத்திலேயே தூங்கி, கதவைத் திறந்து இறங்கினால் போதும்.

ஆனால் புதிதாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த வசதியை வீணடித்துவிடுகிறார்கள். நானும் முதல் பயணத்தில் அதைத்தான் செய்தேன். தினமும் நானூறு கிலோமீட்டர் ஓட்டி, மதிய வெயிலில் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, தூங்கி வழியும் வாத்துகளைப் படமெடுத்துவிட்டு, மறுநாள் காலை நல்ல வெளிச்சம் வரும் நேரத்தில் மறுபடி நெடுஞ்சாலையில் ஏறிவிடுவேன். வீடு திரும்பியபோது படங்களைவிட டீசல் ரசீதுகள்தான் உருப்படியாக இருந்தன.

பாதையைப் போடும்போது

ஓர் இடத்தில் குறைந்தது இரண்டு இரவு. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் நாள் மாலை கேமராவைவிடக் கண்களுக்குத்தான் வேலை அதிகம்: எந்த மரத்தில் பறவைகள் அடைகின்றன, எந்தக் கரையில் இரை தேடுகின்றன, காலை வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழும். மறுநாள் காலைதான் படம். ஏதாவது பிசகினால் அன்று மாலையும் அடுத்த காலையும் மிச்சம் இருக்கின்றன.

எந்த வாரத்தில் எந்தப் பறவை எங்கே வரும் என்று பார்க்க, கார்னெல் பறவையியல் ஆய்வகத்தார் நடத்தும் ஈபேர்டு தளம் உதவும். 2002-இல் தொடங்கிய அந்தத் தளத்தில், 2010 முதல் உலகம் முழுவதிலுமிருந்து பறவை ஆர்வலர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிந்துவருகிறார்கள். ஓர் ஏரியைத் தேர்ந்தெடுத்தால் அங்கே பதிவான இனங்களை வாரவாரியாகப் பட்டை வரைபடத்தில் காட்டும். அவர்களுடைய மெர்லின் செயலி, குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லிவிடும். போகும் பகுதிக்கான கோப்பைக் கிளம்பும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். நல்ல பறவை இருக்கும் இடத்தில் சிக்னல் இருக்காது என்பது எழுதப்படாத சட்டம்.

எதை எடுத்துப்போவது

ஆர்வியில் இடம் இருக்கிறதே என்று கடையையே காலி செய்துகொண்டு போக வேண்டாம். ஒரு கேமரா, 100–400 அல்லது 150–600 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் ஒன்று, பைனாகுலர் ஒன்று. பறவை, மிருகக்காட்சிசாலை இரண்டுக்கும் இந்த லென்ஸ் போதும். கேமராவின் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு என்றால் 400 மில்லிமீட்டர் லென்ஸே ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் லென்ஸின் பார்வைக் கோணத்தைத் தரும். பெரிய ஜூமோடு ஒட்டியே வரும் பிரிட்ஜ் கேமராக்களும் கற்றுக்கொள்ள மோசமில்லை.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டர் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், அதாவது வெளிச்சம் பாதியாகும்; 2 மடங்கு இரண்டு ஸ்டாப். ஏற்கெனவே எஃப்/6.3 ஆக இருக்கும் லென்ஸ் 1.4 மடங்கைப் போட்டதும் எஃப்/9 ஆகிவிடும் (எஃப் எண் ஏற ஏற உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). விடியற்காலை மங்கலில் அது கட்டுபடியாகாது. முதல் வருடம் அதை மறந்துவிடுங்கள்.

மறக்கக் கூடாதது ஒரு துணிப் பை. பீன் பேக் என்பார்கள். காலியாக எடுத்துப்போய், போன இடத்தில் ஏதாவது தானியத்தைப் போட்டு நிரப்பலாம். இறக்கிய ஜன்னல் கண்ணாடியின் விளிம்பில் அதை வைத்து, மேலே லென்ஸைக் கிடத்தினால் முக்காலி தோற்றுப்போகும். வண்டிக்குள் முக்காலியை விரிக்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கேமராவில் என்ன வைப்பது

தானியங்கிப் பயன்முறையில் கேமரா முதலில் பலி கொடுப்பது வேகத்தைத்தான். அதனால் ஷட்டர் வேகத்தை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். மேனுவல் பயன்முறை, லென்ஸ் திறக்கும் அளவுக்கு அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை), ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) மட்டும் ஆட்டோ. அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாரைக்கு 1/500 விநாடி போதும். கிளைக்குக் கிளை தாவும் சிட்டுக்கு 1/1000. பறக்கும் பெரிய பறவைக்கு 1/1600, மீன்கொத்தி மாதிரிச் சின்னதும் வேகமானதுமான பறவைக்கு 1/3200. ஐஎஸ்ஓ ஏறிப் படத்தில் புள்ளி விழுகிறதே என்று பயப்பட வேண்டாம். புள்ளியை மென்பொருளில் குறைக்கலாம், அசைவில் கலங்கிய படத்தை எதுவும் காப்பாற்றாது.

ஃபோகஸ் தொடர் பயன்முறையில் இருக்கட்டும். சில கேமராக்களில் ஏஎஃப்-சி என்றும் சிலவற்றில் சர்வோ என்றும் போட்டிருக்கும். விலங்கு, பறவைக் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். கோப்பு, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவத்தில்.

அப்புறம் எக்ஸ்போஷர் ஈடு, அதாவது கேமரா கணிக்கும் வெளிச்சத்தை நாமே பிளஸ், மைனஸ் என்று கூட்டிக் குறைப்பது. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. கேமராவின் அளவுமானிக்கு எல்லாமே நடுத்தர சாம்பல் நிறமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். கருத்த தண்ணீரில் வெள்ளைக் கொக்கு நின்றால், தண்ணீரைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். கொக்கின் இறகு வெறும் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும். அங்கே மைனஸ் 1. வெளுத்த வானத்தில் பருந்து பறந்தால் நேர் எதிர், பருந்து கரித்துண்டாக வரும். அங்கே பிளஸ் 1 அல்லது ஒன்றரை. ஒரு படம் எடுத்து, இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலுமாகப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள், வலது ஓரத்தில் போய் முட்டாமல் இருந்தால் சரி.

வண்டியை மறைவிடம் ஆக்குவது

மனித உருவம் இறங்கி நின்றதும் பறந்துபோகிற பறவை, வண்டி பக்கத்தில் வந்து நின்றால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. வண்டிக்குள்ளேயே இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைக் கெடுக்க ஆர்விக்கு என்றே சில குணங்கள் உண்டு.

முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். அதிர்வு ஒரு காரணம். இன்னொன்று, முன்மூடியிலிருந்து எழும் சூடான காற்று லென்ஸுக்கு முன்னால் அலையடித்துப் படத்தைக் கலக்கிவிடும். குளிர்காலத்தில் இதே வித்தையை ஹீட்டரும் காட்டும். உள்ளே கதகதப்பாக வைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து படமெடுத்தால், சூடான காற்று அந்த ஜன்னல் வழியாகத்தான் வெளியேறும், உங்கள் லென்ஸும் அங்கேதான் இருக்கும். ஃபோகஸ் பழுது என்று நினைத்து நான் ஒரு முழுக் காலையும் லென்ஸோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஹீட்டரை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, உள்ளும் வெளியும் ஒரே குளிராகும்வரை காத்திருங்கள். போர்வையைப் போர்த்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஆர்வியின் படுக்கைப் பக்க ஜன்னல்கள் பலவற்றில் அக்ரிலிக் இரட்டைத் தகடு. பார்க்க நன்றாக இருக்கும், அதன் வழியே எடுத்த படம் வழவழவென்று கூர்மை இல்லாமல் வரும். திறக்க முடிகிற ஜன்னலைத் திறந்துதான் எடுக்க வேண்டும். ஓட்டுநர் ஜன்னல்தான் எனக்குப் பிடித்த இடம்.

மூன்றாவது, கூட வந்தவர்கள். ஒருவர் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால் தரை முழுக்க ஆடும், 600 மில்லிமீட்டரில் அது நிலநடுக்கம். நிற்கிற இடத்தில் ஆட்டத்தைத் தாங்கும் ஊன்றுகால்களை இறக்கிவிட்டால் கொஞ்சம் அடங்கும். முழுதாக அடங்க வேண்டுமென்றால் கூட இருப்பவர்கள் தூங்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். உள்விளக்கை அணைத்து, உங்களுக்குப் பின்னால் உள்ள திரையை இழுத்துவிடுங்கள். எதிர் ஜன்னல் வெளிச்சத்தில் உங்கள் நிழலுருவம் தெரிந்தால் மறைந்திருந்து பயனில்லை.

முகாமில் வண்டியை நிறுத்தும்போதே திசையைப் பாருங்கள். போனில் திசைகாட்டி இருக்கிறது, காலையில் சூரியன் எங்கே எழும் என்று காட்டும் செயலிகளும் உண்டு. படமெடுக்கும் ஜன்னல் ஏரியைப் பார்த்து இருக்க, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் எழுந்தால் அதுதான் சரியான நிறுத்தம். காற்றின் திசையும் முக்கியம். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்றும் வெளிச்சமும் ஒரே பக்கமாக உங்கள் முதுகிலிருந்து வந்தால், இறங்கும் பறவை ஒவ்வொன்றும் முகத்தில் வெளிச்சத்தோடு உங்களை நோக்கி வரும். அப்படி ஒரு காலை கிடைத்தால் காபியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

உட்கார்ந்திருக்கும் பறவை எப்போது கிளம்பும் என்பதற்கும் குறி உண்டு. உடலைத் தாழ்த்தும், கழுத்தை முன்னால் நீட்டும், பெரிய பறவைகள் பல கிளம்புவதற்குச் சற்று முன் எச்சமிடும். எச்சத்தைப் பார்த்ததும் பொத்தானில் விரலை வையுங்கள். அழகான அறிவுரை இல்லைதான், ஆனால் இதனால் கிடைத்த படங்கள் என்னிடம் நிறைய.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆர்வியின் இருக்கை உயரம். கிட்டத்தில் சேற்றில் மேயும் உள்ளான் பறவையை அங்கிருந்து எடுத்தால், மாடியிலிருந்து முதுகைப் பார்த்த மாதிரி இருக்கும். பறவையின் கண் உயரத்துக்கு உங்கள் லென்ஸ் போனால்தான் படத்தில் உயிர் வரும். தூரத்தில் உள்ள பறவைக்கு இந்தக் கோணம் அவ்வளவாகத் தெரியாது. கிட்டத்துப் பறவை என்றால் வண்டியை விட்டு முன்கூட்டியே இறங்கி, கரையில் படுத்து, அது தானாக வரும்வரை காத்திருப்பதுதான் வழி. பாய் ஒன்று கொண்டுபோங்கள்.

பெரிய வண்டி எல்லாப் பாதையிலும் போகாது. சரணாலயச் சுற்றுப்பாதைகளில் சிலவற்றில் நீள, உயர வரம்பு இருக்கும், திருப்ப இடமிருக்காது. உள்ளே போய் மாட்டிக்கொள்வதைவிட, வண்டியை முகாமிலேயே விட்டுவிட்டு மிதிவண்டியில் போவது மேல். பறவையைக் கண்டதும் நடுச்சாலையில் பிரேக் போடும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

பறவைக்குத் தொல்லை தராமல்

இரை தேடிக்கொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் நீங்கள் கொஞ்சம் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள். மறுபடி இரை தேட ஆரம்பித்தால் சரி, இல்லையென்றால் பின்வாங்குங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். தாய்ப்பறவை விலகி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் குஞ்சுகளுக்கு வெயிலும் குளிரும், காக்கைக்கு வாய்ப்பும். கிளையை விலக்கிப் படமெடுப்பது அதைவிட மோசம். மெர்லினில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் செய்யாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று நம்பி அது ஓயாமல் பறந்து களைத்துப்போகும். ஆந்தை, அரிய பறவைகளின் படத்தைப் பகிரும்போது இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ் விவரத்தை எடுத்துவிடுங்கள்.

மிருகக்காட்சிசாலையில்

கூண்டு விலங்கைப் படமெடுப்பது ஒரு வித்தையா என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. காட்டில் ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்தாலும் கிடைக்காத பயிற்சி இங்கே ஒரே நாளில் கிடைக்கும். கண்ணில் ஃபோகஸ் வைப்பது, பின்னணியைப் பார்ப்பது, கொட்டாவிக்குக் காத்திருப்பது, எல்லாம். இங்கே கை பழகியவருக்கு, வெளியே பறவை ஐந்து விநாடி நின்றாலும் போதும்.

போகும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். உயரமான வண்டிக்கு நிறுத்தும் இடம் தனியாக இருக்கிறதா? பல வாகன நிறுத்தங்களின் வாசலில் உயரத் தடுப்புக் கம்பி இருக்கும், அதில் கூரை ஏசியை இடித்தவர்கள் உண்டு. முக்காலி, ஃபிளாஷ் விதிகள் என்ன? நாய் கூட வந்திருந்தால் உள்ளே விடமாட்டார்கள். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் அதை விட்டுப்போவதும் முடியாத காரியம், அதனால் ஒருவர் முகாமில் இருந்தாக வேண்டும்.

வார நாளில், வாசல் திறக்கும் நேரத்துக்கே போங்கள். குளிர்ந்த காலையில் புலியும் குரங்கும் நடமாடும், மதியத்தில் எல்லாம் சுருண்டுவிடும். லேசாக மேகம் மூடிய நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம், கடுமையான நிழல் இருக்காது. உணவு கொடுக்கும் நேரத்தை வாசலிலேயே கேட்டுக்கொண்டு, அதற்குக் கால்மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். சாப்பாட்டுக்காகக் காத்திருக்கும் விலங்கின் முகம், சாப்பிடும் முகத்தைவிட நன்றாக இருக்கும். எல்லாக் கூண்டையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் ஒன்றும் கிடைக்காது. மூன்று விலங்கைத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம்.

கம்பிவலையை மறைய வைப்பது எளிது. லென்ஸை வலைக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக விடுகிறார்களோ அவ்வளவு பக்கம், அபெர்ச்சர் முழுதாகத் திறந்து, ஜூம் நீளமாக. விலங்கு வலையை விட்டுத் தள்ளிப் பின்னால் நிற்கும்வரை காத்திருங்கள். இத்தனையும் சேர்ந்தால் வலை கரைந்து காணாமல் போகும். கரையாமல் அடம்பிடிப்பது வெயில் படும் வலை, அது வெள்ளைத் திரையாகப் படத்தின் மேல் படியும். நிழல் விழுந்த பகுதியைத் தேடுங்கள், அல்லது தொப்பியால் நிழல் போடுங்கள். கேமரா வலையையே பிடித்துக்கொண்டு விலங்கை விட்டுவிட்டால், ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறி வலையின் ஓட்டை வழியே கண்ணைக் குறிவையுங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் கையால் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப வேண்டியதுதான். பார்வையாளர் வேலியைத் தாண்டிக் கை நீட்டாதீர்கள், அது வலையல்ல, உங்கள் விரலைக் காப்பாற்றும் தூரம்.

கண்ணாடிச் சுவர் வேறு சமாச்சாரம். உங்கள் பக்கத்துக் கைரேகைகளை ஒரு துணியால் துடையுங்கள், குழந்தைகள் மூக்கை வைத்த உயரம்தான் உங்களுக்கும் வேண்டிய உயரம். லென்ஸின் வாயைச் சுற்றி மாட்டும் ரப்பர் ஹுட் ஒன்றைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு உள்ளே வராது. கண்ணாடிக்கு நேராக நில்லுங்கள், சாய்வாக எடுத்தால் தடித்த கண்ணாடி உருவத்தை இழுத்துவிடும். உங்கள் உருவம் கண்ணாடியில் தெரியாமலிருக்கக் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் குடிக்கும் என்பதால் உள்ளரங்கில் நான் அதைத் தொடுவதில்லை. ஃபிளாஷ் கண்ணாடியில் பட்டு உங்களையே திருப்பி அடிக்கும், விலங்கும் மிரளும்.

வெப்பமண்டலக் கூடத்துக்குள் நுழைந்ததும் லென்ஸில் ஈரம் படிந்து பூத்துவிடும். வெளியிலிருந்து குளிர்ந்த கண்ணாடி, உள்ளே ஈரக்காற்று. துடைக்கத் துடைக்கப் பூக்கும், எனவே கேமராவைப் பைக்குள் மூடியபடியே உள்ளே கொண்டுபோய் இருபது முப்பது நிமிடம் வையுங்கள். ஏசி போட்டுத் தூங்கிய ஆர்வியிலிருந்து புழுக்கமான காலைக்குள் இறங்கும்போதும் இதே கதைதான்.

பின்னணியில் சிமென்ட் சுவர், தண்ணீர்க்குழாய், நீல வாளி. ஓரடி இடப்பக்கம் நகர்ந்தாலே பல நேரம் அது போய்விடும். போகவில்லையென்றால் முகத்தை மட்டும் நெருக்கமாக எடுங்கள். விலங்கின் பெயர்ப்பலகையை முதலில் ஒரு படம் எடுத்துவைத்தால், மூன்று வாரம் கழித்து எந்த மான் எது என்று தலையைச் சொறிய வேண்டாம். வெளியிடும்போது மிருகக்காட்சிசாலையில் எடுத்தது என்று சொல்லிவிடுங்கள். காட்டுப் படம் என்று காட்டுவது பொய், போட்டிகளிலும் அதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

சாயங்கால வேலைகள்

பேட்டரிகளை வண்டி ஓடும்போதே சார்ஜ் போடுங்கள். 12 வோல்ட்டிலோ யுஎஸ்பியிலோ வேலை செய்யும் சார்ஜர் இருந்தால் இன்வெர்ட்டரே வேண்டாம். சார்ஜருக்காக ராத்திரியில் ஜெனரேட்டரை ஓட்டினால் பக்கத்து முகாம்காரர் வந்து நிற்பார், பறவையும் நிற்காது.

படங்கள் இரண்டு இடத்தில் நகலாகும்வரை மெமரி கார்டை அழிக்கக் கூடாது. ஒரு ஹார்டு டிஸ்க் வண்டியில், இன்னொன்று நீங்கள் தோளில் மாட்டிப்போகும் பையில். வண்டியே போனாலும் படம் போகாது.

லென்ஸைத் தலைக்கு மேலுள்ள அலமாரியில் வைக்காதீர்கள். ஒரு வளைவில் அந்தக் கதவு திறந்து, என் லென்ஸ் அடுப்பின் மேல் விழுந்தது. வளையம் நசுங்கியதோடு போயிற்று. இப்போது எல்லாம் தரையோடு இருக்கும் பெட்டியில், பஞ்சுக்கு நடுவில், சக்கர அச்சுக்கு அருகில். நாள் முழுக்க அதிர்வதால் முக்காலித் தகட்டின் திருகு, லென்ஸ் காலின் திருகு எல்லாம் தளரும், வாரம் ஒரு முறை முறுக்கிவிடுங்கள்.

படுக்கும் முன் கேமராவைக் காலைக்குத் தயார் செய்து கதவுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்: புதிய பேட்டரி, காலிக் கார்டு, ஷட்டர் 1/1000, எக்ஸ்போஷர் ஈடு பூஜ்யம். கடைசியாகச் சொன்னதைச் சரிபார்க்க ஆரம்பித்தது ஓர் அனுபவத்துக்குப் பிறகு. முந்தைய மாலை வானத்துக்காக வைத்த பிளஸ் ஒன்றரையோடு, மறுநாள் பனிமூட்டத்தில் வெள்ளைக் கொக்குக் கூட்டம் ஒன்றை முந்நூறு படம் எடுத்தேன். அத்தனையிலும் பனிமூட்டம்தான் தெரிகிறது.